கேள்வி கேட்காத வீடு

என் மனைவி ஜப்பானியத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறாள். ஜப்பானிய மொழி அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆங்கிலத்தில் வருகிற வசனத்தைத் தமிழாக்கி, இரண்டு வரிக்குள் அடக்கி, எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்று குறித்து அனுப்புவாள். அதே அறையின் மறு மூலையில் நான் பல் செட் செய்கிறேன். பொக்கை வாய்களோடு என் பிழைப்பு ஓடுகிறது.

ஆறு வருடமாக அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தே நானும் ஏகப்பட்டது பார்த்துவிட்டேன். எல்லாம் மனம் ஆறுகிற கதைகள். மகளைப் பறிகொடுத்த சலவைக்கடைக்காரர், வேலையை விட்டுவிட்டு ரயிலேறிய டீச்சர், மழை, ஒரு கிண்ணம் சூப். யாரும் யாரையும் 'என்ன ஆச்சு?' என்று கேட்பதே இல்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். பத்தாவது பாகத்தில் ஒருவர் அழுகிறார், ஆறிவிடுகிறது. அந்தச் சலவைக்கடைக்காரர் ஒரு சின்னச் சட்டையை நாலு நிமிடம் தேய்த்தபோது, "இப்படித் தேய்ச்சா மத்த துணியெல்லாம் எப்ப முடியும்?" என்று கேலி செய்தவன் நான்தான். அடுத்த நிமிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனவனும் நான்தான்.

அவளுக்கு அது வெறும் கதையாக இல்லை. காரணம், அவள் தம்பி.

நாலு வருடத்துக்கு முன் என் மாமனார் ஆஸ்பத்திரியில் இறந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் மகன் வந்து நின்றான். "இப்ப எதுக்குடா வந்த? வராமலே இருந்திருக்கலாமே!" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் இவள் கத்தினாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அன்றிலிருந்து இவள் தன் வாயைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தாள்.

போன வாரம் யார் யாரையோ சுற்றி ஒரு செய்தி வந்தது. கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வருடத்துக்கு வர முடியாது, ஞாயிறு நாலு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று. இந்த முறையும் முகம் கோணிப் போனால் இனி அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஞாயிறு காலையிலேயே எனக்கு உத்தரவு வந்துவிட்டது.

"எதுவும் கேக்கக் கூடாது. ஏன் வரல, எங்க இருந்த, ஒண்ணும் வேணாம்."

"சாப்பிட்டியான்னு?"

"அதுவும் வேணாம். சூப்பை வைப்போம். கூட உக்காருவோம். அவனா பேசுவான்."

"பேசலன்னா?"

"பேசுவான்ங்க. நான் எத்தனை பார்த்திருக்கேன்!"

எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அவள் சொன்ன சொல்லுக்குத் தலையாட்டினேன்.

சரியாக நாலு மணிக்கு வந்தான். இளைத்திருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். இவள் சூப்பை வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள், லேசாகத் தலை குனிந்தாள், ஓர் ஆப்பிளை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள். தோல் அறுபடாமல் நீளமாக இறங்கியது.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கீங்க போல," என்றான்.

அவள் மெல்லச் சிரித்தாள். அவ்வளவுதான்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். சூப்பை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தான். நாலு இருபது ஆனது. அவன் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்தேன். ஏதாவது உளறிவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்கு அவன் எழுந்தான்.

"சரி மாமா. நான் கெளம்பறேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. அவன் வாசலில் குனிந்து ஷூவை மாட்டியபடி, என்னிடம் மட்டும் சொல்வதுபோல் சொன்னான்: "அக்காவுக்கு இன்னும் கோவம் தீரல. முகத்தைப் பார்த்துப் பேசப் புடிக்கலன்னா வராதன்னே சொல்லியிருக்கலாம்."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "டேய், கோவமெல்லாம் இல்லடா! நீ நொந்துறக் கூடாதுன்னுதான் வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அந்த ஜப்பான் நாடகத்துல எல்லாம் அப்படித்தான்..."

அவன் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அதற்குள் உள்ளேயிருந்து வெடித்தது, எனக்குப் பழக்கமான அதே குரல்.

"அன்னைக்கு ஏன்டா லேட்டா வந்த? சொல்லிட்டுப் போடா!"

ஷூ நாடாவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"லேட்டா வரலக்கா," என்றான். "ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டேன். ஆஸ்பத்திரி மாடிப்படியிலயே உக்காந்திருந்தேன். அப்பா மூச்சு விடற சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு. உள்ள வர பயமா இருந்துச்சு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை ஏன்டா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அன்னைக்குத் திட்டுன. இன்னைக்கு அதுவும் இல்ல."

அவள் அழுதாள். எந்தத் தொடரிலும் இப்படி மூக்கு ஒழுக அழுது நான் பார்த்ததில்லை. அவன் அவள் தோளில் கை வைக்கத் தெரியாமல் வைத்தான்.

கப்பல் காத்திருக்காது, போய்த்தான் ஆக வேண்டும். செருப்பைக்கூடப் போடாமல் அவளும் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வழி நெடுகக் கேள்வி. எங்கே படுத்தாய், யார் சமைத்தார்கள், ஏன் இப்படி இளைத்தாய், கப்பலில் வாந்தி வந்தால் என்ன செய்வாய், அந்த மாடிப்படியில் இரண்டு நாளும் எதையாவது சாப்பிட்டாயா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கடைசிக் கேள்விக்கு மட்டும் இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பஸ் வந்தது. புது நம்பரை அவளுடைய போனில் அவனே பதிந்து கொடுத்தான். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"திட்டுறதுக்காவது போன் பண்ணுக்கா."

பஸ் தெருமுனையில் திரும்புவதற்குள் அவள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.