கிடை போட்ட மறுநாள் காலை

நெருக்கடி நிலை விலக்கப்பட்டதற்கு அடுத்த வருடம், ஆடித்தபசு முடிந்த மறு செவ்வாயன்று, மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் தம் மந்தையை ஓட்டிக்கொண்டு கிழக்கே கடற்கரைக்கு நடந்தார். ஏற்பாடு செய்தவன் நான்.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சிறு கூட்டத்தாரோடு சேர்ந்து வாழ்ந்துவந்தான். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்தார்கள். உர மூட்டை கிடையாது, மோட்டார் கிடையாது, தலைவரும் கிடையாது. குடிசைகளை ஒட்டியே வனத்துறையின் பாதுகாப்பில் இருந்த மணல்மேடு. மணல் ஊருக்குள் வராதிருக்க அதில் சவுக்குக் கன்றுகள் நட்டிருந்தார்கள். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மேட்டில் ஆடு மாடு ஏறக் கூடாது என்ற நிபந்தனையில்தான் அவர்களை அங்கே குடியிருக்க விட்டிருந்தார்கள்.

புரட்டாசி விதைப்புக்கு நிலத்தில் சத்து இல்லை, கிடை போட ஆள் வேண்டும் என்றான் நண்பன். இரவில் ஆடுகளை வயலில் அடைத்துவைத்தால் புழுக்கையே உரம். எங்கள் வானம் பார்த்த பூமியில் வழக்கமான காரியம்தான்.

"பகல்ல ஆடு எங்கன மேயும்?" என்று அப்போதே கேட்டேன்.

"அத அங்க வச்சு எல்லாருமாப் பேசி முடிவு பண்ணிக்கிடலாம்லே" என்றான்.

எட்டு நாள் நடை. மந்தை போய்ச் சேரும் நாளைக் கணக்கிட்டு நான் பஸ்ஸில் போனேன். முதல் இரவுக் கிடை ஒழுங்காக முடிந்தது. விடிந்ததும் ஆட்டுக்காரர் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் ஓட்டட்டும் அண்ணாச்சி?"

எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட மறுக்காமல் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் அங்கே எதுவும் முடிவு. வடக்கே பனங்காட்டுக்கு ஓட்டலாம் என்பதில் ஏறக்குறைய எல்லோருக்கும் சம்மதம். ஆனால் அன்று வியாழக்கிழமை. அவர்களில் மூத்த அம்மாளுக்கு வியாழன்தோறும் மௌனம். வாய் திறந்து சம்மதம் சொல்லாமல் முடிவாகாதாம். தலையை அசைத்தால் போதாதா என்றேன். போதுமா போதாதா என்று அதைப் பேச ஆரம்பித்தார்கள்.

வெயில் ஏறியது. கிடையைச் சுற்றிக் கட்டிய வலைக்குள் ஆடுகள் கத்தின.

"இவங்க பேசி முடிக்கட்டும்னு ஆடு வயித்தக் கட்டிட்டு நிக்குமா வே?" என்றார் ஆட்டுக்காரர் என்னிடம்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி."

"நான் பொறுத்துக்கிடுதேன். நீரு போயி ஆட்டுக்கிட்ட சொல்லிப் பாரும்."

நான் நண்பனை இழுத்துவரப் போனேன். அதற்குள் முன்னே நின்ற கிடாய் வலையைச் சாய்த்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சை என்று இருந்தது அந்த மேடு ஒன்றுதான். நானும் ஆட்டுக்காரரும் ஓடிப்போய் விரட்டி இறக்குவதற்குள் கீழ்ச்சரிவில் இருந்த கன்றுகள் வெறும் குச்சிகளாகியிருந்தன. வட்டத்திலிருந்து ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கூட்டம் கலைந்ததாக ஆகிவிடுமாம்.

வனக் காவலர் சைக்கிளில் வந்தார். "இங்கன யாரு பொறுப்பு?"

"எல்லாரும்" என்றான் நண்பன்.

"எல்லாரையும் நான் எங்க கொண்டுபோயி நிறுத்த? நாளைக்கு யாராவது ஒருத்தர் ஆபீசுக்கு வந்து ஐயாகிட்ட பொறுப்பு ஏத்துக்கிடுங்க. இடம் மிஞ்சும்."

மந்தை உடனே கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார். ஆட்டுக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வலையைச் சுருட்டினார். அத்தனை தூரம் நடந்துவந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம்.

மறுநாள் கூட்டத்தார் அத்தனை பேரும் வனத்துறை ஆபீசுக்கு நடந்தார்கள். நானும் போனேன். ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார் பியூன். "போனா எல்லாரும் போவோம்" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நீயாவது போடா என்று நண்பனை நெட்டித் தள்ளினேன். மற்றவர்கள் சார்பில் பேச எனக்கு உரிமையில்லை என்றான். சாயங்காலம் அதிகாரியின் ஜீப் எங்களைக் கடந்து வெளியே போயிற்று.

தை பிறக்கும் முன்பே குடிசைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். நண்பன் ஒரு துணிப்பையோடு சங்கரன்கோவிலுக்கு வந்து என் வீட்டில் தங்கினான்.

"அன்னைக்கு ஒருத்தன் உள்ள போயிருந்தா இன்னைக்கு அந்த எடம் இருந்திருக்கும்லா?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"ஒருத்தன் போயி மிச்சமாகுத எடத்துல நாங்க எதுக்குலே இருக்கணும்?" என்றான், கொஞ்சமும் கோபமில்லாமல்.

எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. அவன் தட்டில் இன்னும் இரண்டு இட்லியை வைத்தேன். வேண்டுமா என்று கேட்கவில்லை.