புது ஹெலிகொப்டர் தானாக வேகம் குறையாது

கமலா, ஸ்டெல்லா, இந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். ப்ளீஸ்.

அந்தோனி அண்ணன் இறந்துவிட்டார். நம் ஃபெக்டரி ஃபிட்டர் அந்தோனி அண்ணன்.

இன்று காலை அருவிக்குக் கீழே பாறையில் கிடந்தாராம். பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்குக்குள் நம் தோட்டத்துத் துரையின் புது ஹெலிகொப்டர்.

குப்பி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மன்னியுங்கள்.

நாம் மூவரும் மாறி மாறி எழுதும் இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசையாக இலக்கங்கள் இருக்கின்றனவே, என்ன கணக்கு என்று கேட்டீர்களே... அது இதுதான்.

துரையிடம் ரேடியோவில் ஓடும் சின்ன ஹெலிகொப்டர் இரண்டு இருந்தன. ஒன்று பழசு. ஒன்று இந்த வருஷம் வந்தது. முன்னோக்கிப் பறக்கும்போது எது நன்றாகப் போகிறது என்று பார்த்துச் சொல்லும்படி அந்தோனி அண்ணனிடம் கொடுத்திருந்தார். ஐந்து மணிக்குள் பங்களாவில் திருப்பி வைத்துவிட வேண்டும்.

முதல் நாள் கிரவுண்டில் அதை ஸ்டார்ட் பண்ணியதும் பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அதற்கு ஊற்றும் எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். டிஸ்பென்சரியில் பூச்சிக்குக் குடிக்கக் கொடுப்பார்களே, அதே வாசம்.

"அண்ணே, இதுக்கும் வயித்துல பூச்சியா?" என்று ஒருவன் கத்தினான்.

"ஆமாண்டா. ஒனக்கும் ஒரு கரண்டி மிச்சம் வச்சிருக்கேன், வா!" என்றார். அதற்குப் பிறகு அதன் பெயரே பேதி வண்டி.

நான் ஸ்கூல் விட்டு வரும் வழியில் நின்று வேடிக்கை பார்ப்பேன். ஒரு நாள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "சும்மாதானே நிக்கிறீங்க தங்கச்சி. அந்த மொத மரத்துலருந்து கடைசி மரம் வரைக்கும் எத்தன செக்கன்னு எழுதுங்க."

கிரவுண்ட் ஓரத்தில் வரிசையாகப் பதினெட்டு நிழல் மரங்கள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார். "காத்து தள்ளிட்டுப் போறத இதோட வேகம்னு எழுதினா தொர என்னய ஒதைப்பாரு."

பழசு கொஞ்சம் வேகம் எடுத்ததும் மூக்கைத் தூக்கும். மேலே ஏறும், அப்படியே தயங்கி நின்றுவிடும். அதை ஓட்டும் ரேடியோப் பெட்டியின் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். புதுசு அப்படி இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராகப் போகும். குச்சியை விட்டாலும் போய்க்கொண்டே இருக்கும்.

இதை நானேதான் எழுதினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பாருங்கள். 'புதுசு தானாக வேகம் குறையாது.' என் கையெழுத்து.

நேற்று... நாலரை இருக்கும். கிரவுண்டுக்குக் கீழே அருவிப் பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் போதும் என்றார். புதுசுக்கு ஒரே ஒரு இலக்கம் பாக்கி என்றேன். இந்த ஒரு தடவை நான் ஓட்டுகிறேனே என்று கெஞ்சினேன்.

முன்பு இரண்டு தடவை பழசை ஓட்டத் தந்திருக்கிறார். அந்தத் தைரியம் எனக்கு.

பெட்டியை என் கையில் கொடுத்தார். குச்சியைத் தள்ளினேன். கடைசி மரம் வந்ததும் விட்டுவிட்டேன்... அது மூக்கைத் தூக்கும், நிற்கும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

பழசு என்றால் நின்றிருக்கும்.

"இழுங்க தங்கச்சி! பின்னுக்கு இழுங்க!" அவர் ஓடிவந்து பெட்டியைப் பிடிப்பதற்குள் அது மிஸ்ட்டுக்குள் போய்விட்டது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நான் அழுதேன். அவர் திட்டவே இல்லை. "ஒங்கப்பாக்குத் தெரிஞ்சா ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டாரு. நீங்க வீட்டுக்குப் போங்க. பெட்டி ஒங்க பையில இருக்கட்டும். என் கையில பாத்தா ஹெலிகொப்டர் எங்கன்னு கேப்பாங்க. வெளிச்சம் வந்ததும் எறங்கி, வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்கு முந்தி எடுத்துட்டு வந்துர்றேன்."

பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார். "தொர சாமான சாக்குல கட்டிக்கிட்டு ஓடியிருக்கான். கால் வழுக்கிருச்சு."

"செத்தவன அப்பிடிச் சொல்லாதீங்க," என்றார் அம்மா.

"நானா சொல்றேன்? ஆபீஸே சொல்லுது. அந்த ரேடியோப் பெட்டிய முந்தியே எவனுக்கோ வித்துட்டானாம். தேடியும் கெடைக்கல."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

நாளைப் பெரட்டில் துரை முடிவு சொல்வாராம். திருடன் வீட்டு ஆட்களுக்குத் தோட்டத்து லய வீடுகளில் இடமில்லை என்று ஆபீஸில் பேச்சு. அண்ணனுடைய அம்மாவும் தங்கச்சியும் அடக்கம் முடிந்ததும் தாங்கள் இருக்கும் காம்பராவைக் காலி பண்ண வேண்டுமாம். எங்கே போவார்கள்?

சாயந்தரம் அம்மாவோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள களவெடுப்பானா? நீயாச்சும் சொல்லும்மா," என்றார். எல்லோரிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டபோது நான் கையை உருவிக்கொண்டேன்.

அண்ணனுடைய கடிகாரம்கூட இன்னும் என் பைக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெட்டியை இப்போதுதான் வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். விளக்கெண்ணெய் வாசம்.

அண்ணே, அந்தக் கடைசி இலக்கம் எழுதாமலே இருக்கிறது. போய் வாங்க அண்ணே...

கமலா, முதல் வரியை வெட்டிவிட்டேன். கிழிக்காதே. உங்கப்பா யூனியன் தலைவர்தானே, பெரட்டுக்கு முந்தி இதை அவர் கையில் கொடு. விடியும்போது நானே கொண்டுவந்து தருகிறேன், கடைசிப் பக்கத்தையும் துரைக்குக் காட்டச் சொல்லு, பெட்டியும்

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா. "புள்ள, இன்னும் என்னா வெளிச்சம்? கதவத் தொற."

பெட்டி மேசைமேலேயே இருக்கிறது. அதை நான்