மதிப்பெண்ணைத் திருத்தச் சொன்ன ஸ்டெல்லா டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை ஆவூரிலிருந்து அருள்சாமி சார் போன் செய்தார். "டீச்சர், ஸ்டெல்லா போயிருச்சுங்க. நாலு மணிக்கு அடக்கம். வந்துருங்க." நெடுந்தூரம் நடந்துவிட்டு உட்கார்ந்தவரைப் போல மெதுவாகப் பேசினார்.

அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் திருக்கோகர்ணத்தில் எங்கள் பள்ளியில் விலங்கியல் எடுத்தவர். நான் தாவரவியல். இதை வாசிக்கும் பழைய மாணவர்களே, அவரிடம் படித்த உங்களுக்கு அவருடைய கண்டிப்பு மறந்திருக்காது.

ஆறு ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. பிளஸ் டூ விடைத்தாள் கட்டை என் மேசையில் வைத்தார். "நான் திருத்துனதை நீங்க ஒரு தடவை பாருங்க. எனக்கு அல்சைமர்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது.

எப்படி வந்தது என்று கேட்டேன். பாடம் நடத்துவதைப் போலவே சொன்னார். "மூளை செல்லுக்குள்ள டி.என்.ஏ. தினமும் அங்கங்க அறுபடும். செல்லே அதை ஒட்டிக்கும். வயசாக ஆக, ஒட்டுற வேலை பிந்திப்போகுது. தோல் மாதிரி பழசு உதிர்ந்து புதுசு வர்றதும் அங்க இல்லை. இந்த நோய் வந்தவங்களுக்கு அந்தச் சேதம் கூடுதலா இருக்காம். அதனாலதான் நோய் வருதா, நோயாலதான் சேதம் கூடுதான்னு இன்னும் உறுதியாத் தெரியலை."

விடைத்தாள்களைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளைத் தவறாக ஃபெயிலாக்கியிருந்தார். "வெளிய தெரியாம மாத்திக்குவோம்" என்றார் தலைமையாசிரியர். டீச்சர் கேட்கவில்லை. வகுப்புக்குப் போய், "தப்பு என்னோடது. எனக்கு மறதி நோய் வந்திருக்கு. நீங்க மூணு பேரும் பாஸ்" என்றார். ஒருத்தி அழுதாள். அடுத்த வாரம் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் குளிப்பாட்டியது, ஊட்டியது, வாசலில் காவல் இருந்தது எல்லாம் அருள்சாமி சார்தான். உறவுக்காரர்கள் வந்து, "ரொம்பப் படிச்சதால வந்த வினை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் மாதம் ஒருமுறை போனேன். ஒருநாள் டீச்சர் என்னைத் திருடி என்று கத்தினார். சார் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்ததும் சார் என்னிடம் வந்தார். "அழுகை வரலீங்க டீச்சர். தூக்கந்தான் வருது. இது பாவமா?"

"இல்லைங்க சார். போய்ப் படுங்க" என்றேன்.

தன் தவறைப் பிறர் கண்டுபிடிக்கும் முன் தானே சொல்லிவிடுவது டீச்சரின் குணம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். ஆகவே சொல்கிறேன்: அவர் கத்திய அந்த நாளுக்குப் பிறகு, கடைசி ஓராண்டு, நான் ஆவூர்ப் பக்கமே போகவில்லை. வேலை இருக்கிறது என்று சாரிடம் சொன்னேன். வேலை எதுவும் இல்லை.