மழை லீவு

காலநிலை மாறுகிறது, பிள்ளைகளைத் தயார்படுத்துங்கள் என்று மேலிடத்தில் சொன்னார்கள். நானும் ஆசையாகத்தான் ஆரம்பித்தேன். சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான்.

பள்ளியைச் சுற்றிக் கம்பெனி ஷெட்டுகள். பின்பக்கம் மட்டும் ஒரே ஒருவர் இன்னும் நெல் நடுகிறார், எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒருத்தியின் அம்மா. அவர் வயல் தண்ணீர் எங்கள் மைதானத்துக் கால்வாய் வழியாகத்தான் ஏரிக்குப் போக வேண்டும். ஒரு கம்பெனி நல்ல மனதோடு எங்களுக்கு உயரமான மதில் கட்டிக் கொடுத்தபோது, கால்வாய்க்கு ஒரு திறப்பு விட்டு, பாம்பு வராமலிருக்க அதில் இரும்புப் பலகை பொருத்தினார்கள். அதைப் பள்ளிக்குள்ளிருந்துதான் தூக்க முடியும். மழை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மூடியே இருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியர் உத்தரவு.

அதனால் மழைமானி ஒன்று வைத்தேன். சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்க வேண்டும். அதிகாரிகள் பார்க்க வந்த அன்று சுள்ளென்று வெயில். குடத்துத் தண்ணீரை மழைமானியில் ஊற்றினோம். பிள்ளைகள் ஓடினார்கள், பலகை எழும்பியது, கைதட்டல், போட்டோ. அந்த அம்மாவும் வந்து பார்த்துச் சிரித்தார். எங்களை நம்பித்தான் அந்தப் பட்டத்தில் முழு வயலையும் நட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடிந்ததும் டிவியில் அறிவிப்பு, பள்ளிகளுக்கு விடுமுறை. பலகையைத் தூக்க யாரும் இருக்க மாட்டார்கள். மழை பெய்தால் லீவு விடுவார்கள் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! கைதட்டிய ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

அந்த அம்மா போன் செய்தார்.

"டீச்சர், தண்ணி ஏறிக்கினே கீது. யாரு வந்து தொறப்பாங்க?"

கேட் சாவி தாம்பரத்தில், தலைமையாசிரியர் வீட்டில். அவரிடம் போனில் கெஞ்சினேன். லீவு நாளில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார். பிள்ளைகள் வேண்டாம், நானே போகிறேன் என்றேன். ஒரகடம் சாலையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், பஸ்ஸே ஓடவில்லை, சாவியை எப்படி அனுப்புவது என்றார். அதுவும் நியாயம்தான். ஆளாளுக்கு நியாயம் வைத்திருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கினார்கள். அந்த அம்மாவின் மகள்தான் முன்னால் ஓடினாள். அழுகிய பயிர் வாடையோடு தண்ணீர் எங்கள் மைதானத்தைக் கடந்து போனது.

அந்த அம்மா கேட் அருகே வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"லீவு வுடாத மழை எப்போ வரும்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர். அப்போ நட்டுக்கறேன்."