நாய்க்குடைக்குப் போட்ட வேலி

வடக்குப்பட்டில் எங்கள் மாடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தில்தான் நான் வேலை பார்க்கும் கம்பெனி காடு வளர்த்தது. காடு என்றதும் பயந்துவிடாதீர்கள். நெருக்கி நட்ட கன்றுகள், நடுவில் சிமெண்ட் நடைபாதை, வாசலில் ‘இயற்கையைக் காப்போம்’ என்று ஒரு பலகை. அசெம்பிளி லைனில் நிற்கும் எங்களையும் ஷிஃப்ட் முடிந்ததும் கூட்டிப்போய், ஆளுக்கொரு கன்றைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

பலகை படிக்கத் தெரியாத எங்கள் மாடு, பழைய ஞாபகத்தில் மழைநீர்க் கால்வாய் வழியாக உள்ளே போய் மேய்ந்தது, சாணி போட்டது, அசைபோட்டபடி வீடு வந்து சேர்ந்தது. ஐப்பசி மழையில் அந்தச் சாணிமேல் நாய்க்குடை முளைத்தது. சட்டைப் பொத்தான் அளவு தலை, ஈர்க்குச்சி மாதிரி கால். எங்கள் ஊரில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

காட்டில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று ஆராய வந்த கல்லூரி அம்மா பார்த்தார். மண்டியிட்டுப் படம் எடுத்தார். “இது சாணியிலதான் வரும். காட்டுக்கு நல்ல அறிகுறி” என்றார். எங்கள் எச்.ஆர். அதிகாரி நல்ல அறிகுறியை மட்டும் எடுத்துக்கொண்டு, சாணியை விட்டுவிட்டார். நாய்க்குடையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அதன் படம் கேன்டீன் சுவர் வரைக்கும் வந்தது. கம்பெனிக்கு ஒரு விருதும் வந்தது.

அதோடு செக்யூரிட்டி எங்கள் மாட்டைப் பிடித்துக் கட்டிப்போட்டார். என்னை யூனிஃபார்மோடு எச்.ஆர். அறையில் நிற்கவைத்தார்கள்.

“உங்க மாடு மஷ்ரூமை மிதிச்சிட்டா யாரும்மா பொறுப்பு? இன்னொரு தடவை வந்தா உங்க கேட் பாஸ் கேன்சல்.”

“அது போட்ட சாணியிலதான சார் மொளைச்சிக்கீது?”

“ஆர்க்யூ பண்ணாதீங்க.”

நான் கான்ட்ராக்ட் ஆள். மேய்க்க வேறு இடமில்லை. கட்டிப்போட்டுத் தீனி வாங்கிப் போட என் சம்பளம் தாங்காது. மாட்டு வியாபாரியின் வண்டியில் ஏறமாட்டேன் என்று அது காலை ஊன்றிக்கொண்டது. பின்னால் நின்று நான்தான் தள்ளினேன். அழுதுகொண்டேதான் தள்ளினேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு செகண்ட் ஷிஃப்டுக்கு பஸ் பிடித்தேன்.

காட்டைச் சுற்றி வேலியை உயர்த்தினார்கள். அடுத்த மழையும் வந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய அதிகாரிகள் அந்த அதிசயத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கயிறு இருந்தது, நாய்க்குடையைக் காணோம். கல்லூரி அம்மாவுக்கு போன் போட்டிருக்கிறார்கள். அவர் சாணி எங்கே என்று கேட்டிருக்கிறார்.

எச்.ஆர். அதிகாரி லைனுக்கே வந்தார். அதுவரை இல்லாத உறவு சொல்லிக் கூப்பிட்டார்.

“அக்கா, உங்க மாட்டைக் கொஞ்ச நாளைக்கு உள்ள விடுங்களேன். மெயின் கேட் வழியாவே வரட்டும், நான் சொல்லிடறேன்.”

“வித்துட்டேன் சார்.”

“அடடா, ஏங்க்கா?” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

எனக்கு ‘விட முடியாது, போய்யா’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதற்காவது என்னிடம் ஒரு மாடு இருந்திருக்க வேண்டும்.