மணிக்கட்டைத் திருப்பாமல் மணி பார்க்க: தொம்மலூரில் ஒரு பிற்பகல்

"மாமா, வாட்ச் மாத்தணும்னா அவசரப்பட்டு ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை பெங்களூர் வரீங்க இல்ல, கடையில கையில கட்டிப் பாத்து முடிவு பண்ணுங்க. ஸ்கிரீன் எப்பவும் எரியற மாடல் உங்களுக்குத் தேவையா இல்லையான்னு அப்பத்தான் தெரியும். அப்பறம் மாமா, அன்னிக்கு நல்லபடியா முடிச்சிட்டு வாங்க. ப்ளீஸ்."

ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, மாலை 7.14-க்கு என் தங்கை மகள் நித்யா அனுப்பிய செய்தி இது. முன்பாதி என் கைக்கடிகாரத்தைப் பற்றியது. கடைசி வரி அவளைப் பற்றியது. அவளுடன் ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் பிரவீன் என்ற பையனின் வீடு தொம்மலூரில் இருக்கிறது. அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வர நாங்கள் மூன்று பேர் போவதாக ஏற்பாடு: தங்கை கலா, அவள் கணவர் சண்முகம், தாய்மாமனான நான். பெண் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீடும் மனிதர்களும் பிடித்துப்போனால் அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டு, அங்கேயே சாப்பிட்டு வருவோம். அதைக் 'கை நனைப்பது' என்போம். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் எழுந்துவிட வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஞாயிறு மாலை நாலரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் தட்டு மாற வேண்டும். தவறினால் அடுத்து புரட்டாசி. ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். நேரம் பார்க்கும் பொறுப்பை கலா என்னிடம் கொடுத்திருந்தாள். எந்தப் பொருளை வாங்கலாம் என்று பத்திரிகையில் எழுதுவதால், எதையும் மணி, நிமிடத்தோடு சட்டைப்பை நோட்டில் குறித்து வைப்பவன் நான் என்பதுதான் காரணம்.

காலை 8.42. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினோம். பெங்களூரு கண்டோன்மென்ட் வரை சுமார் 145 கிலோமீட்டர். முன்பதிவு செய்த உட்காரும் வகுப்பில் ஆளுக்கு 90 ரூபாய். என் இரண்டு கைகளிலும் பைகள்: ஒன்றில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மற்றதில் தட்டும் புடவையும். என் கடிகாரம் நாலு வருடப் பழசு. திரை கறுத்தே இருக்கும்; மணிக்கட்டைத் தூக்கித் திருப்பினால்தான் விழிக்கும். நாலு தேங்காயோடு கையைத் தூக்கித் திருப்புவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நடைமேடையில் ஒருவர் நான் அவரை அடிக்க வருவதாக நினைத்து ஒதுங்கினார்.

9.20. ரயில் மலையேறி குப்பம் பக்கம் வந்திருந்தது. எதிரே பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் அசையாமல் கிடந்த அவர் கையில் கடிகாரம் மங்கலாக 9.20 என்று காட்டிக்கொண்டே இருந்தது.

"சிஸ்டர், இது அணையவே அணையாதா?"

"அணையாது அங்கிள். க்ளவுஸ் போட்டு ஒரு ஆளைப் புடிச்சிட்டு நிக்கும்போது கையை ஆட்டிட்டு இருக்க முடியுமா? அப்படியே பாத்துக்கலாம்."

"அப்போ வாங்கலாம்."

"இருங்க. மங்கலா இருக்கறப்ப செகண்ட் முள்ளு மறைஞ்சிடும். நாடி எண்ணணும்னா எனக்கு இதுதான்." பையிலிருந்து, சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன முள் கடிகாரத்தை எடுத்துக் காட்டினார்.

சண்முகம் ஜன்னலோரத்திலிருந்து திரும்பினார். "அப்ப ரெண்டு வாங்கணும் மச்சான். அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு. கழுத்துக்கு ஒண்ணு வேணும்னாலும் சொல்லு, சுவர்க் கடிகாரமா பாத்து வாங்கித் தரேன்."

11.08. கண்டோன்மென்ட். வெயில் இருந்தும் உறைக்கவில்லை. ஊரில் இந்த நேரத்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் கேட்டார், கலாவின் புடவையையும் தேங்காய்ப் பையையும் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். இந்திராநகருக்கு 220 ரூபாய்.

"நிச்சயமா சார்?"

"இன்னும் இல்ல. வீடு பாக்கப் போறோம்."

"தேங்காய் ஒடையாத மாதிரி நிறுத்தறேன். நம்மகிட்ட ஒடைஞ்சா அபசகுனம்னு எம்மேல சொல்லிடுவீங்க."

ஒரு தேங்காயும் உடையவில்லை.

12.15. இந்திராநகரில் ஒரு கடிகாரக் கடை. எப்போதும் எரியும் திரை இல்லாத மாடல் 4,999 ரூபாய். திரை எரியும் மாடல் 8,499. மற்றபடி இரண்டும் ஒன்றே என்றார் விற்பனைப் பெண். கன்னடக்காரர்; எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"ஆல்வேஸ் ஆன் போட்டா சார்ஜ் ரெண்டு நாள்தான் நிக்கும் சார். ஆஃப் பண்ணிட்டா ஒரு வாரம் வரும்."

"அப்ப அணைச்சு வைக்கறதுக்கா 3,500 ரூபா கூட?"

"நெறைய பேர் அப்படித்தான் சார் வெச்சிருக்காங்க," என்றார், மறைக்காமல். அந்த நேர்மைக்காகவே வாங்கலாம் போலிருந்தது. கையில் கட்டிப் பார்த்தேன். அழகாக இருந்தது. ஆனால் கணக்கு மட்டும் நேராக வரவில்லை. கையைத் திருப்ப ஆகும் அரை நொடிக்காக 3,500 ரூபாயா? யோசித்துச் சொல்கிறேன் என்று கழற்றிக் கொடுத்தேன். கலா வாசலில் நின்று, "அண்ணா, என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தியா, கடை பாக்க வந்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

1.10. பக்கத்து ஓட்டலில் சாப்பாடு, 130 ரூபாய். கை நனைக்கும் வாய்ப்பு இல்லாமல் போனாலும் பசியோடு திரும்பக் கூடாது என்பது சண்முகத்தின் கணக்கு.

2.35. தொம்மலூர். பெரிய சாலையில் கண்ணாடி அலுவலகங்கள். நூறடி உள்ளே போனால் இரண்டு பைக் எதிரெதிரே வர முடியாத தெருக்கள், மாடிமேல் மாடியாகக் கட்டிய வீடுகள், கொடியில் துணி, தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிக் கூப்பிடும் குரல்கள். தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள பழைய கோயில் ஒன்று இங்கே இருப்பதாகப் படித்திருந்தேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

2.50. பிரவீன் வீடு. கீழே ஒரு ஜெராக்ஸ் கடை, மேலே அவர்கள், அதற்கும் மேலே வாடகைக்கு விட்ட இரண்டு அறைகள். கூடம் சின்னது, பளிச்சென்று துடைத்திருந்தது. அப்பா தேவராஜ், அம்மா சரோஜா, பிரவீன், குடும்பத்தில் மூத்தவரான பெரியப்பா முனிரத்தினம். நான்கே பேர். முனிரத்தினம் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். "வாங்க வாங்க. சொல்ப நெருக்கி உக்காருங்க, சோபா எங்க தாத்தா காலத்து அளவு."

முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. பிரவீன் தானே தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். காபி வந்தது, போண்டா வந்தது. நாங்கள் தொடவில்லை. பேச்சு வாடகை, தண்ணீர் லாரி, மெட்ரோ என்று போய்க்கொண்டிருந்தது. கல்யாணம் என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

நான் மணிக்கட்டைத் திருப்பினேன். 3.05. பேச்சு தொடர்ந்தது. திருப்பினேன். 3.20. காபியில் ஆடை கட்டியது. 3.34. தேவராஜ் தன் பழைய தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நடுவில் நிறுத்தி, "உங்களுக்கு நேரமாவுதோ?" என்றார். "இல்லையில்லை" என்றேன். 3.41-க்கு மறுபடி திருப்பியபோது சரோஜா எழுந்து உள்ளே போனார். தேவராஜும் பின்னாலேயே போனார். உள்ளே தாழ்ந்த குரலில் கன்னடம். கலா என்னைப் பார்த்தாள். எனக்கும் புரியவில்லை.

3.46. என் மணிக்கட்டு அதிர்ந்தது. பழக்கதோஷம், கையைத் தூக்கிப் படித்தேன். நித்யா.

"மாமா வாட்சைப் பாக்காதீங்க. நீங்க கிளம்பப் பாக்கறீங்கன்னு அவங்க அம்மா நெனச்சிட்டாங்க. வீடு சின்னதா இருக்குன்னு புடிக்கலையாம், காபிகூட தொடலையாம். பிரவீன் இப்பதான் மெசேஜ் பண்ணாரு. வாட்சைப் பாக்காதீங்க."

நிமிர்ந்தேன். எதிரே ஐந்தடி தூரத்தில் பிரவீன் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஐந்தடி வர வேண்டிய சேதி காக்ஸ் டவுனில் அவள் தங்கியிருக்கும் விடுதி வரை போய், அங்கிருந்து என் கைக்குத் திரும்பியிருக்கிறது. அதைப் படிக்க நான் ஐந்தாவது முறை கையைத் தூக்கியதையும் அவன் பார்த்துவிட்டான். அந்தப் பையனின் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்தபோது, இவன் தவிர வேறு யாரும் நித்யாவுக்கு வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் மணி தெரிய வேண்டுமே. அப்போதுதான் கவனித்தேன்: முனிரத்தினத்தின் கையிலும் எப்போதும் எரியும் கடிகாரம். சோபாவின் கைப்பிடியில் கை கிடக்க, திரை தானாக 3.49 காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்தால் போதும். சாய்ந்தேன். 3.55. 4.01. அவர் நகர்ந்து உட்கார்ந்தார், நானும் நகர்ந்தேன். 4.08.

"இன்னா சார், ரொம்ப நேரமா என் கையையே பாக்குறீங்க? வாட்ச் வேணுமா? புது மாடல், எம்பொண்ணு வாங்கிக் குடுத்தது, தரமாட்டேன்."

அதற்கு மேல் மறைப்பதில் பயனில்லை. "ஐயா, நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்தணும்னு என்னைக் காவலுக்குப் போட்டிருக்காங்க. அதான் என் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எங்களுக்கு வீடும் புடிச்சிருக்கு, பையனும் புடிச்சிருக்கு. வந்த அஞ்சு நிமிஷத்துலயே புடிச்சிடுச்சி."

பிரவீன் மடியில் கவிழ்ந்து கிடந்த போனை நிமிர்த்தினான்.

"புடிச்சிருந்தா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்றார் முனிரத்தினம்.

"எங்க பக்கத்துல பையன் வீட்டுப் பெரியவர்தான் 'புடிச்சிருக்கா'ன்னு கேக்கணும். கேக்காம நாங்களா சொன்னா மரியாதையா இருக்காது."

"அய்யய்ய. எங்க வழக்கத்துல பொண்ணு வீட்டுக்காரங்கதான் மொதல்ல பேசணும். நாங்க கேட்டா வற்புறுத்தற மாதிரி ஆயிடும்." அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "சரோஜா, பேகா வாம்மா, சீக்கிரம். ஒரு மணி நேரமா அவங்க நமக்காக குந்தினு இருக்காங்க, நாம அவங்களுக்காக குந்தினு இருக்கோம்."

சரோஜா வந்தபோது கையில் தட்டு இருந்தது. காலையிலேயே அடுக்கி, ஈரத் துணி போட்டு மூடி வைத்திருந்தாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டே கலாவிடம், "நீங்க காபி தொடலன்னதும் எனக்கு கையே ஓடல," என்றார். கலா, "எனக்குந்தான். அந்த போண்டா வாசனைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்," என்றாள்.

பிறகு நடந்தது ஓட்டப்பந்தயம். எங்கள் பை கொட்டப்பட்டது. வெற்றிலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சண்முகம் ரூபாய் நோட்டு எண்ணுவது போல விரலை நனைத்துப் பிரித்தார். தேங்காய் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. பிரவீன் தரையில் படுத்து எடுத்தான். மாப்பிள்ளையாக அவன் எங்கள் முன் முதலில் செய்த காரியம் அதுதான். முனிரத்தினம் கையை உயர்த்தி, "நாலு இருவது," என்று அறிவித்தார். "நாலு இருவத்திரெண்டு." ஏலம் விடுவது போல இருந்தது. தேவராஜ் சிரித்துச் சிரித்து விளக்கைக்கூட ஏற்ற முடியாமல் தீக்குச்சியைச் சரோஜாவிடம் கொடுத்தார்.

தட்டு மாறியது. அவர்கள் பக்கம் மூத்தவர் என்று முனிரத்தினம் பிடித்தார். எங்கள் பக்கம் தாய்மாமன் என்று நான் பிடித்தேன். பிறகு காபியைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். ஆறிய போண்டாவையே தின்றோம். அது போல ஒரு போண்டாவை நான் தின்றதில்லை. நித்யாவுக்கு நான் சொல்வதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அனுப்பியதில் ஒரு எழுத்தும் இல்லை. திரை முழுக்க மஞ்சள் முகங்கள். படிக்க நான் தாராளமாகக் கையைத் தூக்கினேன். யாரும் எதுவும் நினைக்கவில்லை.

6.05. பிரவீன் எங்களை ஆட்டோ வரை கொண்டுவந்து விட்டான். "மாமா" என்று முதல் தடவையாகக் கூப்பிட்டு, மேலே என்ன சொல்வது என்று தெரியாமல், தட்டில் அவர்கள் தந்த தேங்காய் இருந்த பையை மட்டும் வாங்கி உள்ளே வைத்தான்.

இந்தத் திரை தேவையா என்று வாசகர்கள் கேட்கும் கேள்விக்கு என் பதில். மணி தெரிந்துகொள்ள மட்டும் என்றால் எப்போதும் எரியும் திரைக்கு 3,500 ரூபாய் அதிகம். எங்கள் ஊரில் மணி பார்க்கக் கடிகாரமே தேவையில்லை. யாரிடமும் சத்தமாகக் கேட்கலாம். ஆனால் பிறர் வீட்டுக் கூடத்தில் கையைத் தூக்குவது பேச்சில் சேர்ந்துவிடுகிறது. நாம் சொல்லாததை அது சொல்லிவிடுகிறது. சபைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு, முக்கியமாகத் தாய்மாமன்களுக்கு, அந்தப் பணம் தகும். கல்யாணத்துக்கு முன் வாங்கிவிடுவேன்.

ஒன்றை மட்டும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். தட்டு மாறிய நிமிடம் என் நோட்டில் இல்லை. தட்டின் கனத்துக்கு என் இரண்டு கைகளும் அதன் அடியில் இருந்தன. முனிரத்தினத்தின் கைகளும் அப்படியே. எரியாத கடிகாரமும் எரிகிற கடிகாரமும் தட்டுக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. 4.26 என்கிறாள் கலா. 4.28 என்கிறார் சண்முகம். முனிரத்தினம் 4.25-க்கு ஒரு நிமிடமும் தாண்டவில்லை என்று சத்தியம் செய்கிறார். பிரவீன் எடுத்த படத்தில் 4.33 என்று இருக்கிறது. ஆனால் அது படத்துக்காக எங்களை இரண்டாம் முறை தட்டைப் பிடிக்கச் சொன்னபோது எடுத்தது. முதல் முறை எத்தனை மணிக்கு என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.