ஆல்ட்டோ வரிசையில் ஒரு நாற்காலி

பாட்டின் இரண்டாவது சரணத்தில் இடுப்பில் சுரீரென்றது. தாம்பரத்தில் எங்கள் திருச்சபையின் பாடகர் குழுவில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தேன். வயது அறுபத்தெட்டு. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தேன். மாதங்கள் போயின, வலி போகவில்லை.

எலும்பு மருத்துவர் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்) என்றார்.

"எப்ப டாக்டர் சரியாகும்?"

"முழுசா போகாதும்மா. வலியோடயே நல்லா வாழலாம்."

எனக்கு வந்ததே கோபம்! வலியோடு வாழ இவரிடம் எதற்கு வர வேண்டும்? அதைத்தான் வீட்டிலேயே செய்துகொண்டிருந்தேனே.

பாட்டு முடியும்வரை நிற்க முடியாமல் போனது. "உக்காந்து பாடுங்க ஆன்ட்டி," என்றார் குழுத் தலைவர். எங்கள் குழுவில் யாரும் உட்கார்ந்து பாடியதில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டேன். அதன்பிறகு ஞாயிறுதோறும் கீழே உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்டது, இடுப்பைவிட அதிகமாக வலித்தது.

பிசியோதெரபிஸ்ட் (உடலியக்கப் பயிற்சி தருபவர்) ரஞ்சனி, மூச்சோடு சேர்த்து உடலை மெதுவாக அசைக்கும் பயிற்சியைச் சொல்லித் தந்தார். மூச்சை இழுக்கும்போது கை மேலே, விடும்போது கீழே. அவ்வளவுதான். அதுதான் எனக்கு வரவில்லை. வேலைக்காலம் முழுக்க முடிச்சூரிலிருந்து அரக்கப்பரக்கத் தாம்பரம் வந்து சென்னை பீச் ரயிலைப் பிடித்தவள் நான்.

"ஆன்ட்டி, பீச் ட்ரெயினா புடிக்கப் போறீங்க? ஸ்லோவா பண்ணுங்க."

"ஸ்லோவாத்தாம்மா பண்றேன்."

"மூச்சையே காணோமே!"

வீட்டில் இன்னும் மோசம். குக்கர் விசில் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். அதைக் கணவரிடம் பெருமையாகச் சொல்வது வேறு. இடுப்பு பழையபடி பிடித்துக்கொண்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இந்த ஆத்திரக்காரிக்கு இடுப்பும் மட்டு.

ஒரு காலை கணவர் மார்க்கெட் போயிருந்தார். வேண்டாவெறுப்பாகக் கையைத் தூக்கி நின்றபோது, வாய் தானாக ஒரு ஞானப்பாட்டின் ஆல்ட்டோ பகுதியை முணுமுணுத்தது. வரி முடியும்வரை கை மெதுவாகத்தான் இறங்கியது. ரயிலுக்குத்தான் ஓடியிருக்கிறேன், பாட்டில் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. வரியின் கடைசிவரை மூச்சைக் காப்பது என் பழைய பழக்கம்.

ரஞ்சனியிடம் சொன்னேன். "அப்டியே பண்ணுங்க ஆன்ட்டி. ரொம்ப வலிச்சா நிறுத்திடணும்," என்றார்.

வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். உங்களில் இதே வலியோடு வாசிப்பவர்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சில காலைகளில் எனக்கு முன்பே அது எழுந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வரி பாடும் நேரம் பொறுக்கிறேன். பல நாள் தணிகிறது. தணியாத நாளில் வீட்டில் எல்லோருக்கும் திட்டு விழுகிறது.

கிறிஸ்துமஸ் ஒத்திகைக்குப் போய், நானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஆல்ட்டோ வரிசையில் போட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். தயாராக வைத்திருந்த பதில்களெல்லாம் வீண். பண்டிகையன்று முதல் பாட்டை நின்று பாடினேன். அடுத்ததன் பாதியில் இடுப்பு கூப்பிட்டது. உட்கார்ந்தேன், வரியை விடவில்லை.

வெளியே வந்ததும் கணவர், "உன் குரல் தனியா கேட்டுச்சு," என்றார். கூட்டாகப் பாடும்போது ஒரு குரல் தனியாகக் கேட்டால் அது தப்பு. வேறொரு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

முடிச்சூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "வா, வா, ஓடு," என்று அவர் பரபரத்தார்.

"போகட்டுங்க, அடுத்தது வரும்," என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னொரு தடவ சொல்லுங்க. எப்படிக் கேட்டுச்சு?"